உறுதி யார் பெயரில்?
கையடக்கத் தொலைபேசியும் நமது உரிமையும்

குடியிருப்பது வேறு, உரித்துடையவராய் இருப்பது வேறு. லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. நான்கு தலைமுறையாக ஒரே காம்பராவில் அடுப்பெரித்திருந்தாலும், சுவரை உடைத்து ஒரு யன்னல் வைக்கவும் முன்பக்கம் ஒரு தாழ்வாரம் இறக்கவும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். காரணம், உறுதி நம் பெயரில் இல்லை. மலையக மக்கள் காணி உறுதிக்காக இத்தனை காலம் குரல் கொடுத்து வருவதும் இதனால்தான்.

இதே வேறுபாடு இன்று நமது கையடக்கத் தொலைபேசிக்குள்ளும் வந்து நிற்கிறது. பணம் கொடுத்து வாங்கியவர்கள் நாம். ரீலோட் போடுபவர்களும் நாம். ஆனால் அதில் எந்தச் செயலியை நிறுவலாம், எதை நிறுவக்கூடாது, எதை நீக்கமுடியாது என்று தீர்மானிப்பவர் யார்? அந்தத் தீர்மானம் மெல்ல மெல்ல நம் கையை விட்டுப் போகிறதா? போகிறதென்றால் நாம் செய்யக்கூடியது என்ன? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அழிந்துபோன நூல்

இலக்கியம் கற்கும் மாணவியருக்கு விளங்கக்கூடிய ஓர் உதாரணத்துடன் தொடங்குவோம். 2009 ஜூலை மாதத்தில் அமெரிக்காவில் அமேசன் நிறுவனத்தின் கிண்டில் என்னும் மின்னூல் வாசிப்புக் கருவியை வைத்திருந்த பலரின் கருவிகளிலிருந்து இரண்டு நூல்கள் திடீரெனக் காணாமற் போயின. இரண்டும் ஜோர்ஜ் ஓர்வெல் எழுதியவை. ஒன்று '1984', மற்றது 'விலங்குப் பண்ணை'. அவற்றை மின்னூலாக விற்றவருக்குப் பதிப்புரிமை இருக்கவில்லை என்பதை அறிந்த அமேசன், வாங்கியவர்களின் கருவிகளுக்குள் இருந்த பிரதிகளைத் தூரத்திலிருந்தே அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பாடத்துக்காக அந்நூலை வாசித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் எழுதி வைத்திருந்த குறிப்புகளும் நூல் இல்லாமற் போனதால் பயனற்றுப் போயின. பின்னர் நிறுவனத்தின் தலைவர் ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

புத்தகக் கடைக்காரர் ஒருவர் இரவில் நம் வீட்டுக்குள் வந்து, விற்ற புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேசையில் காசை வைத்துவிட்டுப் போனால் நாம் சும்மா இருப்போமா? பணம் திரும்பக் கிடைத்ததா என்பது அங்கு பிரச்சினை அல்ல. அவரிடம் நம் வீட்டுச் சாவி இருந்தது என்பதே பிரச்சினை. தொலைபேசியைப் பற்றிப் பேசும்போதும் இந்தச் சாவியை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

செயலி உள்ளே வரும் வழிகள்

நம் பகுதியில் பெரும்பாலானோர் பாவிப்பது அண்ட்ராய்டு தொலைபேசி. அதற்குள் ஒரு செயலி முக்கியமாக இரண்டு வழிகளில் வரலாம். ஒன்று, கூகுள் நிறுவனத்தின் பிளே ஸ்டோர். மற்றது, ஏபிகே எனப்படும் கோப்பை நேரடியாகப் பெற்று நிறுவுவது. அந்தக் கோப்பு செயலியை உருவாக்கியவரின் இணையத்தளத்திலிருந்து வரலாம். தோழியின் தொலைபேசியிலிருந்து புளூடூத் மூலமும் வரலாம். டேட்டாவுக்குக் காசு போதாத, சிக்னல் ஒழுங்காக எட்டாத தோட்டப்புறங்களில் செயலிகள் கைமாறிக் கைமாறிப் பரவியது இந்த இரண்டாம் வழியால்தான்.

ஐபோனில் இந்த இரண்டாம் வழி தொடக்கத்திலிருந்தே இருக்கவில்லை. 2008இல் திறக்கப்பட்ட அப்பிள் நிறுவனத்தின் சொந்தக் கடை மட்டுமே பொதுமக்களுக்கான வாசல். ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றிய பின்னரே, 2024 மார்ச் மாதத்தில், அந்த நாடுகளில் மட்டும் வேறு செயலிக் கடைகளுக்கு அப்பிள் இடம் கொடுத்தது. அண்ட்ராய்டின் பெருமை அதன் திறந்த வாசலே என்று பலர் கருதியதற்கு இதுவே காரணம்.

அந்த வாசலும் படிப்படியாக ஒடுங்கி வந்தது. 2017இல் வெளிவந்த அண்ட்ராய்டு 8 முதல், வெளியிலிருந்து ஒரு செயலியை நிறுவ, எந்தச் செயலி மூலம் நிறுவுகிறோமோ அதற்குத் தனித்தனியாக அனுமதி கொடுக்க வேண்டியதாயிற்று. 2022இல் வந்த அண்ட்ராய்டு 13, வெளியிலிருந்து வந்த செயலிகளுக்குச் சில முக்கிய அனுமதிகளை இலகுவில் கொடுக்கமுடியாதவாறு தடுத்தது. 2024இல் சிங்கப்பூரில், குறுஞ்செய்திகளைப் படிப்பது போன்ற அனுமதிகளைக் கேட்கும் வெளிச் செயலிகளை நிறுவவே விடாத முறை பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. இவற்றில் பல நன்மையானவை என்பதை மறுக்கமுடியாது. ஆனால் எல்லாம் ஒரே திசையில் செல்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும்.

2025 ஓகஸ்ட் அறிவிப்பு

2025 ஓகஸ்ட் 25ஆம் திகதி கூகுள் நிறுவனம் ஒரு பெரிய மாற்றத்தை அறிவித்தது. அதை விளங்கிக்கொள்ள ஒரு சிறு தொழில்நுட்ப விளக்கம் தேவை.

ஒவ்வொரு செயலியும் அதை உருவாக்கியவரின் இரகசியச் சாவி ஒன்றினால் முத்திரையிடப்பட்டிருக்கும். செயலியின் புதிய பதிப்பு வரும்போது, பழைய பதிப்பிலிருந்த அதே முத்திரை இதிலும் உள்ளதா என்று தொலைபேசி பார்க்கும். இருந்தால் ஏற்கும், இல்லாவிட்டால் மறுக்கும். வேறொருவர் இடையில் புகுந்து போலியைத் திணிக்காமல் காப்பது இம்முத்திரையே. ஆனால் முத்திரை யாருடையது, அவர் பெயர் என்ன, வீடு எங்கே என்று இதுவரை தொலைபேசி கேட்டதில்லை.

புதிய முறையில் அந்தக் கேள்வி கேட்கப்படும். செயலியை உருவாக்குபவர் தமது சட்டபூர்வமான பெயர், முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைக் கூகுளிடம் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். அரச அடையாள ஆவணமும் கேட்கப்படலாம். பதிவுக் கட்டணம் 25 டொலர். பதியாதவரின் செயலியை, கூகுள் சான்று பெற்ற அண்ட்ராய்டு தொலைபேசிகளில் வழமையான முறையில் நிறுவமுடியாது. பிளே ஸ்டோருக்கு மட்டுமல்ல, வெளியிலிருந்து வரும் செயலிகளுக்கும் இந்த விதி பொருந்தும். 2026 செப்டெம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் தொடங்கி, 2027 முதல் உலகின் ஏனைய நாடுகளுக்கும் படிப்படியாக விரிவாக்குவது என்பதே அறிவிக்கப்பட்ட திட்டம்.

இதற்கு எதிர்ப்பு எழுந்தது. எஃப்-ட்ரொயிட் என்பது 2010 முதல் இயங்கும், இலாப நோக்கமற்ற செயலிக் களஞ்சியம். மூலநிரல் பகிரங்கமாக உள்ள செயலிகளை மட்டுமே அது வழங்குகிறது. பாவனையாளரிடம் கணக்குத் திறக்கும்படி அது கேட்பதில்லை. இந்த விதி நடைமுறைக்கு வந்தால் தமது பணி முடிவுக்கு வந்துவிடும் என்று 2025 செப்டெம்பரில் அது எச்சரித்தது. உலகெங்கும் தொண்டாக நிரல் எழுதும் ஒவ்வொருவரையும் ஒரு நிறுவனத்திடம் பெயர் பதியும்படி தம்மால் கட்டாயப்படுத்த முடியாது என்பது அதன் வாதம்.

2025 நவம்பரில் கூகுள் சற்று இறங்கி வந்தது. மாணவர்களுக்கும் பொழுதுபோக்காகச் செயலி செய்வோருக்கும், குறிப்பிட்ட சில கருவிகளில் மட்டும் நிறுவக்கூடியவாறு இலகுவான கணக்கு ஒன்றும், அபாயத்தை ஏற்றுக்கொள்ளும் அனுபவமுள்ள பாவனையாளருக்கு வேறொரு வழியும் வைப்பதாகக் கூறியது. இது வரவேற்கத்தக்கது. எனினும் அந்த வழி எவ்வளவு நீளமானது, எத்தனை எச்சரிக்கைகளைத் தாண்ட வேண்டியது என்பதைத் தீர்மானிப்பதும் அதே நிறுவனம்தான்.

25 டொலர் ஒரு தொகையா என்று சிலர் கேட்கலாம். 2024 செப்டெம்பரில் பெருந்தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்தத் தொகை ஒரு தாய் ஐந்தாறு நாள் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறிக்கும் கூலி. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பிள்ளைகளுக்காக ஒரு வினாவிடைச் செயலியைச் செய்து ஊருக்குக் கொடுக்க விரும்பும் மாணவி ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். சில கருவிகளுக்குள் அடங்கும் இலவசக் கணக்கு அவளுக்குப் போதாது. முழுக் கணக்குக்கு அவள் வீட்டில் காசு இராது.

தோட்ட வாசலும் புடவை வியாபாரியும்

நமது மலையக வரலாற்றில் இதற்கு ஒப்பான ஒரு வாசல் இருந்தது. ஆங்கிலேயத் துரைமார் காலத்தில் தோட்டத்துக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பது துரையின் விருப்பம். தொழிலாளருக்கு விருந்தாளி வந்தாலும் அவருக்குத் தெரிய வேண்டும். அனுமதியின்றி நுழைந்தவர் மீது அத்துமீறல் சட்டம் பாயும். திருடரும் கலகக்காரரும் வராமல் தொழிலாளரைக் காப்பதற்காகவே இந்த ஏற்பாடு என்று சொல்லப்பட்டது. அதில் ஓரளவு உண்மையும் இருந்திருக்கலாம். ஆனால் அதே வாசல் தொழிற்சங்கவாதிகளையும் வெளியே நிறுத்தியது.

தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் அந்த வாசலைப் புடவை வியாபாரி வேடத்தில் கடந்தார் என்பது மலையகத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. துணி மூட்டையுடன் லயத்துக்கு லயம் சென்ற அவர், தொழிலாளரின் நிலையைக் கண்ணால் கண்டார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கான தொழிற்சங்க சம்மேளனத்தை அமைத்தார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவரது துணைவியார் மீனாட்சியம்மை, தாமே இயற்றிய பாடல்களைக் கூட்டங்களில் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். எழுத்தறியாத மக்களுக்குப் பாட்டையே பத்திரிகையாக்கிய பெண்மணி அவர்.

நடேசய்யர் வாசலில் நின்று, தமது பெயர், முகவரி, வந்த நோக்கம் எல்லாவற்றையும் துரையின் புத்தகத்தில் பதிந்துவிட்டு அனுமதி கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா? திருடனைத் தடுக்கும் வாசல் நல்லதே. ஆனால் திறவுகோல் முழுவதும் ஒருவரிடமே இருந்தால், அவருக்குப் பிடிக்காத நல்லவனும் வெளியே நிற்க நேரிடும். நிறுவனம் தீயது என்பதல்ல இதன் பொருள். நல்ல துரைமாரும் இருந்திருக்கிறார்கள். அனுமதி துரையின் குணத்தைப் பொறுத்ததாக இருந்தது என்பதே அந்த முறையின் குறைபாடு.

பாதுகாப்பு என்னும் நியாயம்

கூகுளின் பக்கத்து நியாயத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பிளே ஸ்டோரில் கிடைக்கும் செயலிகளை விட, இணையத்திலிருந்து நேரடியாக நிறுவப்படும் மூலங்களில் 50 மடங்குக்கும் அதிகமான தீநிரல்களைத் தமது ஆய்வு கண்டதாக அந்நிறுவனம் கூறுகிறது. வங்கியிலிருந்து பேசுவதாகவோ பரிசு விழுந்ததாகவோ கூறி ஏபிகே கோப்பை அனுப்பி, கணக்கிலுள்ள பணத்தைச் சுருட்டும் மோசடி உண்மையானது. பிடிபட்டவன் வேறு பெயரில் மறுநாளே திரும்பி வருகிறான். அடையாளம் கேட்டால் அவனுக்கு அது ஒரு தடையாக இருக்கும். பணத்தை இழந்த குடும்பத்திடம் போய்ச் சுதந்திரம் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் பெயர் பதிந்தவர் எல்லாம் நல்லவர் என்றும், பெரிய கடையில் உள்ளதெல்லாம் தூயது என்றும் முடிவு செய்தால் அதுவும் ஏமாற்றமே. இரண்டு உதாரணங்கள் போதும்.

முதலாவது நம் வீடுகளுக்கு மிக நெருக்கமானது. முஸ்லிம் புரோ என்பது தொழுகை நேரமும் கிப்லா திசையும் காட்டும், உலகெங்கும் கோடிக்கணக்கானோர் தரவிறக்கிய செயலி. அது கூகுள், அப்பிள் ஆகிய இரண்டின் அதிகாரபூர்வக் கடைகளிலும் இருந்தது. அதைப் பாவிப்பவர்களின் இருப்பிடத் தகவல்கள் எக்ஸ்-மோட் என்னும் தரவு வணிக நிறுவனத்துக்குச் சென்றதையும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவத்துடன் ஒப்பந்தம் செய்தோர் இருந்ததையும் 2020 நவம்பரில் மதர்போர்ட் என்னும் செய்தித்தளம் வெளிப்படுத்தியது. செய்தி வந்ததும் அந்தத் தொடர்பை முறித்துக்கொள்வதாக முஸ்லிம் புரோ அறிவித்தது. அடுத்த மாதமே எக்ஸ்-மோட்டின் நிரலைச் செயலிகளிலிருந்து நீக்குமாறு கூகுளும் அப்பிளும் கட்டளையிட்டன. செய்தி வரும்வரை கடையின் காவலாளி அதைத் தடுத்திருக்கவில்லை.

இரண்டாவது, கடன் செயலிகள். சில நிமிடங்களில் கடன் தந்து, தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் திரட்டிக்கொண்டு, பின்னர் உறவினருக்கெல்லாம் அழைப்பெடுத்து மானத்தை வாங்கும் செயலிகள் இந்தியாவில் பலரைத் துன்புறுத்தின. விதிமீறலுக்காக 2022இல் மட்டும் 3,500க்கும் மேற்பட்ட கடன் செயலிகள் மீது இந்தியாவில் நடவடிக்கை எடுத்ததாகக் கூகுளே அறிவித்தது. அவை கூகுளின் கடைக்குள் இருந்த செயலிகள்.

ஆகவே கடையின் முத்திரை ஒரு சாட்சியம் மட்டுமே. அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதமுடியாது. தீர்ப்பு எழுதும் பொறுப்பு தொலைபேசியை வைத்திருப்பவருடையது.

அரசுகளும் வாசலும்

வாசல் ஓரிடத்தில் குவிந்தால் அதைப் பிடிக்க விரும்புவது நிறுவனங்கள் மட்டுமல்ல. 2025 நவம்பர் 28ஆம் திகதி இந்தியாவின் தொலைத்தொடர்புத் துறை, சஞ்சார் சாத்தி என்னும் அரச செயலியை எல்லாப் புதிய தொலைபேசிகளிலும் 90 நாட்களுக்குள் முன்கூட்டியே நிறுவ வேண்டும் என்றும், அதன் செயற்பாடுகளை முடக்க இடமளிக்கக்கூடாது என்றும் உற்பத்தியாளர்களுக்குப் பணிப்புரை அனுப்பியது. திருட்டுத் தொலைபேசியைக் கண்டுபிடிக்க உதவும் செயலி அது. நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் வைத்திருப்பவரின் விருப்பம் கேட்கப்படவில்லை என்று எதிர்ப்பு எழுந்ததும், டிசம்பர் 3ஆம் திகதி அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. ஒரு வாரத்துக்குள் மக்கள் குரலுக்குப் பலன் கிடைத்ததை இங்கு கவனிக்க வேண்டும்.

நீதிமன்ற வழியும் உண்டு. 2022 ஒக்டோபரில் இந்தியப் போட்டி ஆணைக்குழு கூகுளுக்கு 1,337.76 கோடி இந்திய ரூபாய் அபராதம் விதித்தது. முன்கூட்டியே நிறுவிய செயலிகளை நீக்குவதைத் தடுக்கக்கூடாது, கடைக்கு வெளியே செயலிகளை வழங்குவதைத் தடுக்கக்கூடாது என்பனவும் அதன் கட்டளைகளில் இருந்தன. 2023 மார்ச்சில் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தபோதும், இந்த இரண்டையும் உள்ளிட்ட சில கட்டளைகளை நீக்கிவிட்டது. இந்தக் கேள்வி இன்னும் முடிந்துபோன கேள்வி அல்ல என்பதற்கு இது சான்று.

நமது நாட்டிலும் வாசல் அடைபட்ட நாட்கள் உண்டு. 2018 மார்ச்சில் கண்டி, திகன பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோது முகநூல், வட்ஸ்அப், வைபர் முதலியன ஒரு வாரமளவில் முடக்கப்பட்டன. வெறுப்புப் பேச்சைத் தடுப்பதே காரணம் என்று கூறப்பட்டது. அந்த வெறுப்பு முகநூலில் பரவியது உண்மை. தன் தளம் அதில் வகித்த பங்குக்காக அந்நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது. ஆனால் அதே முடக்கத்தால் உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரிக்க முடியாமல் தவித்தவர்களும் நம்மவர்களே. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி மக்கள் போராட்டத்தின்போது மீண்டும் ஒரு முடக்கம் வந்தது. அன்று வீபிஎன் செயலியைத் தொலைபேசியில் வைத்திருந்தவர்கள் தடையைக் கடந்தார்கள். அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே தாமும் வீபிஎன் பாவிப்பதாகவும், அதனால் இத்தகைய தடை பயனற்றது என்றும் பகிரங்கமாகப் பதிவிட்டார். சில மணித்தியாலங்களில் தடை நீக்கப்பட்டது.

வாசல் அடைபட்ட நாளில் உதவுவது ஏற்கனவே நம் கையில் உள்ளதும், பக்கத்து வீட்டாரிடமிருந்து கைமாற்றாகப் பெறக்கூடியதும்தான்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய நிறுவனங்களின் விதிகளை அக்கரப்பத்தனையில் இருந்து மாற்ற முடியாது என்று சோர்ந்துவிட வேண்டாம். நம் தொலைபேசியின் பெரும்பகுதி இன்னும் நம் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. அதை நாமே கைவிட்டுவிடாமல் இருப்பது முதற்கடமை.

1. கணக்கின் சாவியைக் கையில் எடுங்கள். புதுத் தொலைபேசி வாங்கும்போது கடைக்காரத் தம்பியே கூகுள் கணக்கைத் திறந்து கொடுப்பது நம் பகுதியில் வழக்கம். கடவுச்சொல் யாருக்கும் ஞாபகம் இராது. தொலைபேசியை முழுவதும் அழித்து மீளத் தொடங்க நேர்ந்தால், பழைய கணக்கின் கடவுச்சொல்லை அது கேட்கக்கூடும். 2015 முதல் அண்ட்ராய்டில் உள்ள திருட்டுத் தடுப்பு ஏற்பாடு இது. கடவுச்சொல் இல்லாவிட்டால் சொந்தத் தொலைபேசியே நம்மைத் திருடியாகப் பார்க்கும். ஆகவே கணக்கை நீங்களே திறந்து, கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதி, அடையாள அட்டை வைக்கும் இடத்தில் வையுங்கள். மீட்புக்கான இலக்கம் வீட்டிலுள்ள ஒருவருடையதாக இருக்கட்டும்.

2. அனுமதிகளை எண்ணிப் பாருங்கள். அமைப்புகள் பகுதியில் எந்தச் செயலிக்கு இருப்பிடம், ஒலிவாங்கி, தொடர்புகள், குறுஞ்செய்தி ஆகிய அனுமதிகள் உள்ளன என்று காணலாம். டோர்ச் லைட் செயலிக்குத் தொடர்பு இலக்கங்கள் எதற்கு? தொழுகை நேரத்தைக் கணிக்க ஊரின் அகலாங்கும் நெட்டாங்கும் திகதியும் போதும். அக்கரப்பத்தனை நகர்ந்து போவதில்லை. ஊரை ஒருமுறை தெரிவு செய்துவிட்டு இருப்பிட அனுமதியை நிறுத்திவிடலாம்.

3. 'அணுகல்தன்மை' அனுமதியில் மிகுந்த கவனம் தேவை. பார்வைக் குறைபாடு உள்ளோர் போன்றோருக்கு உதவ உருவான வசதி அது. அதைப் பெற்ற செயலியால் திரையில் உள்ளதைப் படிக்கவும், நமக்குப் பதிலாகத் தொடவும் முடியும். வங்கி மோசடிச் செயலிகள் முதலில் கேட்பது இதைத்தான். காரணம் தெரியாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

4. வட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் திறக்காதீர்கள். அனுப்பியவர் மாமியாக இருந்தாலும் சரி, அவரது கணக்கையே வேறொருவர் பிடித்திருக்கலாம். வெளியிலிருந்து செயலி வேண்டுமென்றால் உருவாக்கியவரின் சொந்தத் தளம், எஃப்-ட்ரொயிட் போன்ற நம்பகமான களஞ்சியம் ஆகியவற்றை நாடுங்கள். அகராதி, இணையமின்றி இயங்கும் வரைபடம், மின்னூல் வாசிப்பு, தொழுகை நேரம் எனப் பல செயலிகள் அங்கு உண்டு. விளம்பரம் காட்டுதல், பின்தொடர்தல் போன்ற குறைகள் இருந்தால் அதையும் அக்களஞ்சியம் குறிப்பிட்டுவிடும். நிறுவியதும், கொடுத்த அனுமதியை மீண்டும் அடைத்துவிடுங்கள். திறந்த வாசலைச் சாத்துவதும் வீட்டுக்காரியின் வேலைதான்.

5. எழுதியதற்கு இரண்டாம் பிரதி வையுங்கள். கவிதை, கட்டுரை, பாடக்குறிப்பு, படங்கள் எல்லாம் ஒரே செயலிக்குள் இருந்தால் அச்செயலி நின்றுபோகும் நாளில் அவையும் போய்விடும். எந்தக் கருவியிலும் திறக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பாகவோ பீடிஎஃப் ஆகவோ மாற்றி, மெமரி கார்ட்டிலோ பென் டிரைவிலோ மாதம் ஒருமுறை சேமியுங்கள். தொடர்பு இலக்கங்களையும் கோப்பாக எடுத்து வைக்கலாம்.

6. பிறருடையதைக் காப்பாற்றுங்கள். நம் தொலைபேசியிலுள்ள தோழியின் இலக்கமும் அவளது படமும் நம்மிடம் உள்ள அமானிதம். ஒரு விளையாட்டுச் செயலிக்குத் தொடர்புகளைத் திறந்து கொடுக்கும்போது, அவள் சம்மதம் கேட்காமல் அவளையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறோம்.

7. பாதுகாப்பு மேம்படுத்தல்களைத் தள்ளிப்போடாதீர்கள். எச்சரிக்கைகளையெல்லாம் நிறுத்திவிடுவது சுதந்திரம் ஆகாது. புதுத் தொலைபேசி வாங்கும்போது கமராவின் மெகாபிக்சலைக் கேட்பதுடன், எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு மேம்படுத்தல் வரும் என்றும் கேளுங்கள்.

8. செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். தகவல் தொழில்நுட்பப் பாடம் பரீட்சைக்கு மட்டுமல்ல. தமிழில் கையடக்கத் தொலைபேசியில் எழுத முடிந்ததே, முத்து நெடுமாறன் போன்றவர்கள் செல்லினம் முதலிய தட்டச்சுச் செயலிகளை உருவாக்கித் தந்ததால்தான். பெரிய நிறுவனங்கள் நமது மொழியை நினைப்பதற்கு முன்பே நம்மவர்கள் நினைத்தார்கள். மலையக வழக்குச் சொற்களின் அகராதியையோ, லயத்துப் பாட்டிகளின் தாலாட்டுத் தொகுப்பையோ வேறு யாரும் செயலியாகச் செய்து தரப்போவதில்லை.

முடிவுரை

காவல் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இருட்டுப் பாதையில் நாய் குரைப்பது நல்லதே. ஆனால் வீட்டுக்காரர் 'இவர் என் விருந்தாளி' என்று சொன்ன பிறகும் நாய் கதவை மறித்துக்கொண்டு நின்றால், அந்த வீடு யாருடையது என்ற கேள்வி எழும். எச்சரிக்கை செய்யும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கட்டும். இறுதி முடிவு, விலை கொடுத்து வாங்கி விளைவையும் ஏற்பவருடையதாக இருக்க வேண்டும். அந்த முடிவைச் சரியாக எடுக்கும் அறிவை வளர்த்துக்கொள்வது நமது கடமை. அறிவு இல்லாத இடத்தில், பாதுகாப்பு என்ற பெயரில் உரிமை பறிபோவதை யாரும் உணர்வதில்லை.

உறுதி இல்லாத வீட்டில் வாழ்ந்த சமூகத்தின் பிள்ளைகள் நாம். உறுதியில் பெயர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நமக்குப் பாட்டிமார் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

சிந்திப்பதற்கும் கலந்துரையாடுவதற்கும்

அ. உங்கள் வீட்டுத் தொலைபேசியின் கூகுள் கணக்கு யார் பெயரில் உள்ளது? அதன் கடவுச்சொல் யாருக்குத் தெரியும்?

ஆ. நீங்கள் அதிகம் பாவிக்கும் ஐந்து செயலிகளின் அனுமதிகளைப் பட்டியலிடுங்கள். அவற்றில் தேவையற்றவை எவை?

இ. செயலி உருவாக்குவோர் அடையாளத்தைப் பதிவதால் மோசடி குறையும் என்ற கருத்தை ஆதரித்து ஒரு குழுவும் மறுத்து ஒரு குழுவும் வாதிடுக. இரு தரப்பும் எதிர்த்தரப்பின் மிக வலுவான நியாயம் ஒன்றை ஏற்றுக்கொண்டே வாதத்தைத் தொடங்க வேண்டும்.

ஈ. நம் ஊருக்குப் பயன்படும் ஒரு செயலியை நீங்கள் உருவாக்குவதாயின், அது என்ன செய்யும்? அது எந்த அனுமதிகளைக் கேட்கும்? ஏன்?